இரண்டாவது கையெழுத்து

ஞாயிறும் புதனும் காலை ஆறே முக்காலுக்கு
டாக்டர் அங்கயற்கண்ணி குப்பியில் சிறுநீர் பிடிப்பார்.
கதவு பாதி திறந்திருக்க வேண்டும்.
நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.
விதியை எழுதியவர்
இப்படி நின்று பார்த்தவராக இருக்க முடியாது.

சங்கடம் தெரியாமலிருக்கக் குழாயைத் திறக்கலாம் என்றால்
அதுவும் கூடாது, தண்ணீர் கலந்துவிடுமாம்.
ஆகவே சொஹார் துறைமுகத்துக்குப் போகிற
லாரிகளின் சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருப்போம்.
"வரமாட்டேங்குது, புஷ்பரதி."
"மெதுவா, டாக்டர்."
குப்பியின் வெப்பப் பட்டையில் முப்பத்தைந்து.
மூடிமேல் ஸ்டிக்கர்; அதில் அவர் கையெழுத்து,
கீழே என்னுடையது.

என் கையெழுத்துக்கு ஒரு பழைய கதை உண்டு.
ஃபென்டனில் பதிவேட்டில் கணக்கு எப்போதும் சரி.
நோயாளிகள்தான் சரியில்லை.
மருந்து ஏறியதாக எழுதியிருந்தவர்கள்
விழித்ததும் கதறினார்கள்.
குடலிறக்கம் தைத்த ஒரு பலூச்சிக் கிழவர்
என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை.
'மிச்சம் கொட்டப்பட்டது, சாட்சி' என்ற கட்டத்தில்
"போடு புஷ்பம், நேரமாச்சு" என்பார்.
போடுவேன்.
கொட்டியதை ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு ஒரு வியாழன் இரவு
நானே எழுதிக் கொடுத்தேன்.
கையும் களவுமாக, என்றார்கள் கேன்டீனில்.
களவு அவருடையது.
கையில் பாதி என்னுடையது.

இதற்கெல்லாம் ஒரு விமான டிக்கெட்தான் என்றார்கள் நம் ஆட்கள்,
தேதிகூடச் சொன்னார்கள்.
டாக்டர் ஷம்ஸா குழுவின் முன்னால் என்ன பேசினாரோ,
பதினோரு மாதம் கழித்து நான்கு பக்க அரபித் தாள் வந்தது.
பின்னாலேயே அவரும் வந்தார், கொஞ்சம் பருத்து,
அரைக்கைச் சட்டை போட்டு.
இரவுப்பணி இல்லை. அலமாரிச் சாவி இல்லை.
ஊசியில் மருந்தை இழுப்பது வேறொருவர்.
முதல் நாளே ஒருத்தி தன் கைப்பையை
லாக்கருக்கு மாற்றினாள்.
அவர் பார்த்தார்.
"என்னுதையும் அதுலயே வச்சுப் பூட்டும்மா" என்றார்.

ஒமானியர் வாயில் அவர் பெயர்
தக்தூரா அங்கையோடு நின்றுவிடும்.
அங்கை என்றால் உள்ளங்கை என்று
அவர்களுக்கு யார் சொல்வது?
எல்லாம் இப்போது அதில்தான் கிடக்கிறது,
நெல்லிக்கனி மாதிரி, யாரும் குனிந்து பார்க்கலாம்.

இன்று செவ்வாய்.
சாரத்திலிருந்து விழுந்த ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள்.
தொடையெலும்பு வெளியே.
"கொன்னுடுங்க, சாமி கொன்னுடுங்க" என்று
தமிழில் கத்தினான்,
புரிந்தது எங்கள் இருவருக்குத்தான்.
ஷம்ஸா அடுத்த தியேட்டரில்.
அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்:
"எழுபத்தஞ்சு மைக்ரோகிராம். எடுத்து வை.
அவங்க வரட்டும்."

என் கழுத்தில் சாவி.
அவர் அதைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவர் பட்ட பாட்டை
நான் பார்த்தேன்.
ஆம்பூலை உடைத்தபோது
நடுங்கியது என் கை.

நாற்பது நொடி இருக்கும்.
அவனுக்கு அது எவ்வளவோ.
வாசலில் ஷம்ஸா தலையசைத்தார்.
மருந்து போயிற்று. கத்தல் முனகலானது,
முனகல் மூச்சானது.

மிச்சம் இருபத்தைந்து.
கண்ணாடிக்குள் அரை மில்லி,
தண்ணீர் போலத்தான் இருக்கும், தண்ணீர் இல்லை.
"கொட்டு" என்றார்.
இரண்டடி பின்னால் நகர்ந்து
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி
"பதினொன்று இருபது. எழுதிக்கோ."
கொட்டினேன். ஷம்ஸா பார்த்தார்.
ஷம்ஸா பார்க்கிறாரா என்று நானும் பார்த்தேன்.
பிறகுதான் பேனா.

நாளை புதன்.
வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்
என்று சொல்லி அனுப்பினேன்.
ஒன்றுதான். இரண்டு குடித்தால் நீர்த்துப் போகும்,
அதற்கும் சந்தேகப்படுவார்கள்.